பின் ஜன்னலுக்கு ஒரு நீரூற்று

பிப்ரவரி 4

கண்ணாடிக் கடை அம்மாவுக்கு,

போன்ல பேசினா நான் உன்னை வாயைத் திறக்கவே விடமாட்டேங்கிறேனாம். அதனால எதுவா இருந்தாலும் எழுத்துல எழுதணும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பியிருக்க. சரி, எழுதுறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதினதெல்லாம் பில்லு மட்டும்தான். கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும். நீதான் ஊர்க் கண்ணையெல்லாம் சோதிச்சு கண்ணாடி மாட்டிவிடுறவளாச்சே, எப்படியாவது படிச்சுக்கோ.

வீட்டை விக்கிற பேப்பரை மச்சான் கொண்டுவந்து கொடுத்தார். ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, நானும் கையெழுத்து போட்டாதான் செல்லும்னு எனக்கே பாடம் நடத்திட்டுப் போனார். உங்க அண்ணன் நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

நான் இன்னும் போடல. பின்பக்கத் தோட்டத்துல ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கேன். குருவி குளிக்க ஒரு தொட்டி, அதுக்கு நடுவுல ஒரு ஃபவுண்டன். கரண்ட் வேண்டாம். சோலார் பேனலை வெயில்ல வச்சா மோட்டார் ஓடும், தண்ணி எழும்பும். வெயில் போனா நின்னுடும். நீ கேட்டதுதான். மறந்துட்டேன்னு நினைச்சியா?

முடிஞ்சதும் ஒரே ஒரு தடவை வந்து பாரு. பார்த்த பிறகும் விக்கணும்னு சொன்னா, நான் மறுபேச்சு பேசாம போட்டுத் தர்றேன்.

தெருவுக்கெல்லாம் மோட்டார்காரன், உனக்கு மட்டும் இன்னும் புருஷன்.

பிப்ரவரி 13

மோட்டார்காரருக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்கப் போறதில்ல. இருப்பீங்க.

மறந்துட்டேன்னு நினைச்சியான்னு கேட்டிருக்கீங்க. மறந்திருந்தா மன்னிச்சிருப்பேன். ஞாபகம் வச்சுக்கிட்டே செய்யாம இருந்தீங்களே, அதை என்னன்னு சொல்றது?

முதுகுல ஆபரேஷன் ஆகி அந்தப் பின் ரூம்ல அஞ்சு மாசம் கிடந்தேன். புரண்டு படுக்கக் கூடாது. கண்ணைத் திறந்தா பின் ஜன்னல், மூடினா வலி. வெளியில ஒரு சட்டியில தண்ணி வைங்க, ரெண்டு குருவியாவது வரும், பார்த்துக்கிட்டுக் கிடக்கிறேன்னு கேட்டேன். ஒரு சட்டிதான் கேட்டேன்! "சட்டி எதுக்கு, சோலார் மோட்டார் வச்சு ஃபவுண்டனே போட்டுடறேன்"னு நீங்கதான் பெருசா சொன்னீங்க. கேக்கும்போதெல்லாம் "பார்க்கலாம், பார்க்கலாம்". கடைசியில ஃபவுண்டனும் வரல, சட்டியும் வரல.

காலையில பையைத் தூக்கிக்கிட்டு ஊரான் வீட்டு மோட்டாரைப் பார்க்கப் போயிடுவீங்க. எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது எதிர்வீட்டு டீச்சர். அவங்களுக்கும் எனக்கும் என்ன உறவு?

எனக்கு இப்ப ஃபவுண்டன் வேண்டாம். கையெழுத்துதான் வேணும். வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கிற லேடீஸ் ஹாஸ்டல்ல எனக்குக் கிடைச்சிருக்கிறது மூணாவது மாடி. ஒவ்வொரு நாளும் அந்தப் படி ஏறி முடிக்கும்போது முதுகு விட்டுப்போகுது. கடைக்குப் பக்கத்துல கீழ்த்தளத்துல சின்னதா ஒரு வீடு பார்த்து வச்சிருக்கேன். அங்க வித்தாதான் இங்க வாங்க முடியும். பேப்பரை ஃப்ரிட்ஜ் மேலேருந்து எடுங்க, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும்.

மார்ச் 3

கோபக்கார அம்மாவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு சொன்னா நீ நம்பப் போறதில்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வேலைதான், அதைச் சொல்றேன்.

முடிச்சுட்டேன்! பழைய சிமெண்டுத் தொட்டியைத் தேய்ச்சுக் கழுவி எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்துல இறக்கினேன். முழங்கை ஆழம் தண்ணி பிடிக்கும். பொம்மை மாதிரி ஒரு மோட்டாரைக் காட்டினான் கடைக்காரன். நம்ம வீட்டுக்கு இதுவான்னு சொல்லிட்டு, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற சோலார் மோட்டாரையே வாங்கிட்டு வந்தேன். நேத்து பேனலை வெயிலுக்குத் திருப்பினேன் பாரு, ஆளுயரத்துக்கு அடிக்குது. எதிர்வீட்டு டீச்சர் பைப் உடைஞ்சுபோச்சுன்னு ஓடி வந்துட்டாங்க.

குருவிதான் இன்னும் வரல. புது இடம், கொஞ்சம் கூச்சப்படும். நீ ஞாயித்துக்கிழமை வர்றியா? பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கிறேன்.

மார்ச் 11

மோட்டார்காரருக்கு,

குருவி குளிக்கவா, லாரி கழுவவா?

ஆளுயரத்துக்குத் தண்ணி அடிச்சா குருவி ஏன் வரும்? நீங்க குருவியா இருந்தா வருவீங்களா? எங்க கடைக்கு எதிர்ல காப்பிக் கடை முற்றத்துல இதே மாதிரி ஒண்ணு இருக்கு. தட்டு மாதிரி அகலமா, ரெண்டு விரல் ஆழம்தான். நடுவுல தண்ணி கொப்புளிக்கும், அவ்வளவுதான். அந்தச் சலசலப்புக்கே குருவி இறங்கி வருது. கால் வைக்க கல்லு போட்டிருக்காங்க. முழங்கை ஆழத்துல இறங்கினா அது திரும்பி எப்படி ஏறும்? யோசிச்சீங்களா?

யாருக்குச் செய்யுறோம்னு ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா நீங்க? மோட்டார் என்ன வேகத்துல ஓடுதுன்னு மட்டும்தான் பார்ப்பீங்க.

இதை யோசனை சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நான் வரல. பேப்பர் எங்க?

மார்ச் 22

உனக்கு,

உன் கடிதம் வர்றதுக்கு முந்தின நாளே ஒண்ணு செத்துப்போச்சு.

சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தேன். வெயில் இறங்கி மோட்டார் நின்னிருந்துச்சு. தண்ணி அசையாம கிடந்திருக்கும்போல, நம்பி இறங்கியிருக்கு. சிட்டுக்குருவி. சிமெண்டுச் சுவர் வழவழன்னு இருக்கு, பிடிச்சு ஏற ஒண்ணுமில்ல. கையில எடுத்தா ஒரு எடையும் இல்ல. எனக்கு என்னமோ பண்ணிடுச்சு. எத்தனை கிணத்துல இறங்கியிருக்கேன், என்னென்னமோ எடுத்திருக்கேன், இப்படி ஆனதில்ல. தொட்டியைக் கடப்பாரையால அடிச்சு உடைச்சுட்டேன். மறுநாள் தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். கொஞ்சம் முன்னாடி எழுதியிருக்கக் கூடாதா நீ?

இல்ல, உன்மேல பழி போடல. எழுதிட்டேன், அடிச்சுத் திருத்த மனசில்ல, அப்படியே விட்டுடறேன்.

இப்ப நீ சொன்ன மாதிரியே செஞ்சிருக்கேன். அகலமான மண் தட்டு, ரெண்டு விரல் ஆழம், உள்ளே கூழாங்கல்லு. அந்தப் பொம்மை மோட்டாரையே போய் வாங்கினேன். கடைக்காரன் சிரிச்சான், சிரிக்கட்டும். தண்ணி கட்டைவிரல் உயரம்தான் எழும்புது. எலுமிச்சை நிழல் விழுந்தா நிக்குதுன்னு பேனலை பாத்ரூம் கூரைக்கு மேல ஏத்திட்டேன்.

இன்னொண்ணு. ஜன்னல்ல தெரியுமான்னு பார்க்க, உன் கட்டில்ல, உன் தலையணையில, நீ படுத்த மாதிரியே மல்லாந்து படுத்துப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல. பின் சுவரும் துணிக்கொடியும்தான் தெரியுது. சுவர்ல ஒரு ஈரக்கறை இருக்கு. கொஞ்ச நேரம் கிடந்தேன், அதுக்குமேல முடியல, எழுந்துட்டேன். அஞ்சு மாசம் இதையா பார்த்துக்கிட்டுக் கிடந்த? எனக்கு ஏன் நீ சொல்லல?

சொன்ன. தெரியும்.

செங்கல் அடுக்கி மேடை கட்டி, தட்டை அதுமேல ஏத்தியிருக்கேன். இப்ப தலையணையிலேருந்து தண்ணி எழும்புறது தெரியுது. நேத்து மூணு குருவி வந்துச்சு. ஒண்ணு குளிச்சு முடிச்சுட்டு றெக்கையை உதறிச்சு பாரு, ஜன்னல் கம்பி வரைக்கும் தெறிச்சுது.

ஏப்ரல் 1

மோட்டார்காரருக்கு,

படிச்சேன். கடையில ஒரு பெரியவரை எழுத்துப் பலகைக்கு முன்னாடி உட்கார வச்சுட்டு, பின்னால போய் நின்னு படிச்சேன். அவர் பாவம், எல்லா வரியையும் சத்தமா வாசிச்சு முடிச்சுட்டு "அம்மா, சரியா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.

உருகிட்டேன்னு நினைக்காதீங்க. கோபம்தான் வந்துச்சு. படுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அன்னைக்கு நான் அந்தக் கட்டில்ல இருந்தப்ப ஒரு தடவை பக்கத்துல வந்து தலையைச் சாய்ச்சிருந்தா, இந்த மேடையெல்லாம் அப்பவே கட்டியிருப்பீங்க. அந்த ஈரக்கறை முதல்ல நாய் மாதிரி இருந்துச்சு. நான் எழுந்து நடக்கிறதுக்குள்ள மாடு மாதிரி ஆயிடுச்சு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சரி. வந்து பார்க்கிறேன். தண்ணி எந்த நேரத்துல நல்லா எழும்பும்? குருவி எப்ப நிறைய வரும்? அதை மட்டும் சரியா எழுதுங்க. அவ்வளவு தூரம் வந்துட்டு நின்னுபோன மோட்டாரைப் பார்த்துட்டுத் திரும்ப என்னால முடியாது.

ஏப்ரல் 7

என் டாக்டரம்மாவுக்கு,

வர்றேன்னு எழுதியிருக்க! தபால்காரரை நிறுத்தி வச்சுக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அந்த மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கிட்டே குடிச்சுட்டுப் போனார்.

நல்லாக் கேட்டுக்கோ. காலையில பேனல்மேல பக்கத்து மாடி நிழல் விழும், சரியா ஓடாது. பதினோரு மணிக்கு மேல வெயில் நேரா அடிக்கும். அங்கேருந்து ரெண்டு மணி வரைக்கும் ராஜா மாதிரி ஓடும். குருவி கூட்டமா வர்றது பன்னிரண்டு வாக்குல. அப்ப பார்க்கணும், ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு, சண்டை போட்டுக்கிட்டு, என்ன அமர்க்களம்! பின் கதவைத் திறந்தா பறந்துடும். ஜன்னல் வழியாப் பாரு.

வீட்டைத் துடைச்சு வச்சிருக்கேன். ஜன்னலுக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சேன். அந்த நாயோ மாடோ, அந்தச் சுவரையும் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை எந்த வாரமானாலும் வா, நான் எங்கேயும் போகமாட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை மட்டும் வந்துடாதே. ஆஸ்பத்திரி மோட்டார் ஒண்ணை மாத்தணும், விடிய கிளம்பினா ராத்திரிதான் திரும்புவேன்.

உன் சாவி இன்னும் உன்கிட்டதானே இருக்கு? பூட்டை மாத்தல. எதுக்கு மாத்தப் போறேன்?

ஏப்ரல் 19

உனக்கு,

வியாழக்கிழமை வந்திருக்க.

டீச்சர் சொன்னாங்க. சொல்லக் கூடாதுன்னு நினைச்சாங்களாம், என் மூஞ்சியைப் பார்த்ததும் சொல்லிட்டாங்க. நீ, உங்க அண்ணன், கூட ஒரு ஆளும் அவர் பெண்டாட்டியும். பன்னிரண்டு மணிக்கு. உன் சாவியைப் போட்டுத் திறந்து, ஒவ்வொரு ரூமா காட்டி, பின் ஜன்னல்கிட்ட ரொம்ப நேரம் நின்னீங்களாம், திறந்த வாசல் வழியா அவங்களுக்குத் தெரிஞ்சுதாம்.

பன்னிரண்டு மணின்னு சொன்னது யாரு? நான். எந்த நாள் வீட்ல இருக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்தது யாரு? அதுவும் நான்தான். என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கேன் பாரு, என்னைவிட மடையன் எவனாவது இருப்பானா?

உனக்காகச் செஞ்சேன். உனக்காகன்னு தெரிஞ்சும், வீடு பார்க்க வந்தவங்களுக்கு அதைக் காட்சி காட்டியிருக்க. எப்படி மனசு வந்துச்சு உனக்கு? ஒரு சீட்டாவது எழுதி வச்சுட்டுப் போயிருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணி குடிச்ச அடையாளம் கூட இல்லடி என் வீட்ல.

ஏப்ரல் 27

மோட்டார்காரருக்கு,

அது என் வீடும்தான்.

ஆமா, வந்தேன். தெரிஞ்சேதான் வியாழக்கிழமை வந்தேன். தெரிஞ்சேதான் பன்னிரண்டு மணிக்கு வந்தேன். வந்தவர் பாங்க்ல வேலை பார்க்கிறவர். இதுக்கு முன்னாடி பார்த்த ரெண்டு பேர் பின்பக்கம் இருட்டா இருக்கு, சுவர் இடிக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இவரும் முன் ரூம்ல முகத்தைச் சுளிச்சார். அவர் மனைவிதான் பின் ஜன்னலைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாங்க. அவருக்குப் போன் மேல போன் வந்துச்சு, அந்தம்மா நகரல. "இந்த வீடுதான்"னு அங்கேயே சொல்லிட்டாங்க. ஃபவுண்டனைக் கழட்டக் கூடாதாம், அது ஒண்ணுதான் அவங்க கேட்டது.

யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர்னு சொன்னேன். "உங்கமேல ரொம்பப் பிரியம் போல"ன்னு சொன்னாங்க. ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும், வீட்டை விக்கணுமே.

ஞாயித்துக்கிழமை ஏன் வரலன்னு கேப்பீங்க. நீங்க வாசல்ல நின்னு, சிரிச்சுக்கிட்டே நான் கொண்டுவந்த பையை என் கையிலேருந்து வாங்கியிருந்தா, நான் பேப்பரைப் பத்தி வாயே திறந்திருக்க மாட்டேன். உட்கார்ந்திருப்பேன். ஒரு மாசம் நல்லா இருந்திருக்கும். அப்புறம் மறுபடியும் உங்க மோட்டார் பை, மறுபடியும் ஊரான் வீடு, மறுபடியும் "பார்க்கலாம்". எனக்கு உங்களைத் தெரியும். அதைவிட என்னைத் தெரியும்.

பார்த்த பிறகும் விக்கணும்னு சொன்னா மறுபேச்சு இல்லைன்னு எழுதினது நீங்க. பார்த்துட்டேன். விக்கணும்.

மே 6

பேப்பர் இந்தக் கவர்ல இருக்கு. எண்ணெய் ஒட்டல.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்னைக்கு வரணும்னு மச்சானைச் சொல்லச் சொல்லு. ஒர்க்‌ஷாப்புக்கு மேல இருக்கிற ரூமைச் சுத்தம் பண்ணிட்டேன், அங்க இருந்துக்கிறேன். எனக்கென்ன, ஒத்தை ஆளு.

ஃபவுண்டன் அவங்களுக்கே. மோட்டாருக்கு முன்னாடி ஒரு பஞ்சு வச்சிருக்கேன், அதை வாரம் ஒரு தடவை எடுத்துப் பிழிஞ்சு வைக்கச் சொல்லு. தட்டுல பாசி பிடிச்சா பிரஷ்ஷால தேய்க்கணும், சோப்பு போடக் கூடாது, குருவிக்கு ஆகாது. தண்ணி குறைஞ்சா மோட்டார் சூடாகிடும், ஊத்திக்கிட்டே இருக்கணும். சொல்ல மறந்துடாதே.

அந்த ஜன்னல்கிட்ட நின்னியே, உனக்குப் பிடிச்சிருந்துச்சா? அதை மட்டும் நீ எழுதவே இல்ல.

ஜூலை 18

கண்ணாடிக் கடை அம்மாவுக்கு,

ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தும் நீ நிமிர்ந்து பார்க்கல. நானும் பேனாவையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அதனால எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். நேத்து நடந்ததை உனக்குச் சொல்லாம இருக்க முடியல.

பாங்க்காரர் மனைவி காலையில போன் பண்ணினாங்க. தண்ணி எழும்பலையாம். கையில ஒரு வேலை இருந்துச்சு, அதைப் போட்டுட்டு மத்தியானமே போயிட்டேன். என் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்திட்டு வாசல்ல நின்னேன் பாரு, அதை என்னன்னு எழுத! "பக்கவாட்டுல சுத்தி வந்துடுங்க, தரை இப்பதான் துடைச்சேன்"னு சொன்னாங்க. தப்பா சொல்லல அவங்க, நல்ல மாதிரி. நான் எனக்குத் தெரியாத வழி மாதிரி அவங்க பின்னாலேயே போனேன்.

பஞ்சு அடைச்சிருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. பிழிஞ்சு வச்சதும் ஓடிச்சு. அப்படியே பாத்ரூம் குழாய் சொட்டுதுன்னு காட்டினாங்க. வாஷர் மாத்திக் கொடுத்தேன். காசு கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். வாங்கலைன்னா காரணம் சொல்லணுமே.

கிளம்பும்போது அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க. நீ வீட்டைக் காட்ட வந்த அன்னைக்கு, மத்தவங்கெல்லாம் முன் ரூமுக்குப் போன பிறகு, நீ மட்டும் அந்தக் கட்டில்ல போய்ப் படுத்தியாம். பையைத் தேடித் திரும்பி வந்தவங்க அதைப் பார்த்திருக்காங்க. ஜன்னலைப் பார்த்துக்கிட்டு அழுதியாம். மேகம் வந்து தண்ணி நிக்கிற வரைக்கும் எழுந்திரிக்கலையாம். அதைப் பார்த்த பிறகு அவங்களுக்கே வீட்டை வாங்கலாமான்னு ஒரு மாதிரி ஆயிடுச்சாம். அவங்க வீட்டுக்காரர்கிட்ட கூட அதைச் சொல்லலையாம்.

நிஜமா?

ஜூலை 29

மோட்டார்காரருக்கு,

நிஜம்தான். படுத்தேன், அழுதேன். குருவி அவ்வளவு அழகா குளிச்சுது. தலையணையிலேருந்து எல்லாமே தெரிஞ்சுது. உங்க வேலை எப்பவும் சுத்தமா இருக்கும், அதுல நான் குறை சொன்னதே இல்ல. பிடிச்சிருந்துச்சான்னு கேட்டீங்களே. பிடிச்சிருந்துச்சு. வாழ்க்கையில எனக்குன்னு ஒருத்தர் செஞ்சதுல அதுதான் நல்ல பொருள். அதை வித்துட்டுதான் இந்த வீட்டுக்கு வந்திருக்கேன்.

இங்க படி இல்ல. முதுகு பரவாயில்ல. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் நிக்குது.

காலையில போன் வந்துச்சு, மத்தியானமே போயிட்டேன்னு எழுதியிருக்கீங்க. அந்த வரியைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அதுலேயே நின்னேன். அந்தக் குழாய் நான் அந்த வீட்ல இருந்த காலம் முழுக்க சொட்டிச்சு. சத்தம் கேக்காம இருக்க நான்தான் ராத்திரி அடியில துணி போட்டு வைப்பேன். அவங்க சொன்னதும் வாஷர் மாத்திட்டீங்க. நான் பெண்டாட்டியா இல்லாம, போன் பண்ணிக் கூப்பிடுற யாரோ ஒருத்தியா இருந்திருக்கணும். அன்னைக்கே வந்திருப்பீங்க.

இனிமே எழுதாதீங்க. எழுதினா நான் படிச்சுடுவேன்.